எதிரிக்கு மறுசோறு

மலைக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவே, இரண்டுமே தன்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதைக் கண்டுகொள்ளாமல், ஊசிமலைப்புதூர் என்றோர் ஊர் நிம்மதியாகக் கிடக்கிறது. அந்த ஊரில் அறிவுக்குப் பஞ்சமில்லை. இருக்கிற அறிவில் பெரும்பங்கு நான்கு பேரிடம் சேர்ந்துவிட்டது. அந்த நால்வரும் நடத்துவதுதான் ஊசிமலைப்புதூர் இளைஞர் நற்பணி மன்றம்.

இளைஞர் என்ற சொல்லைப் பார்த்து யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. மன்றத்தைத் தொடங்கிய அன்று அவர்கள் இளைஞர்கள்தான். அதன் பிறகு யாரும் ராஜினாமா செய்யவில்லை, அவ்வளவுதான். இப்போது நால்வரும் ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

செயலாளர் குழந்தைவேலு. மன்றத்துச் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். மன்றத்துக்குள்ளே ஒரு கேரம் பலகை, நாலு நாற்காலி, கண்ணாடி போட்ட ஓர் அலமாரி. அலமாரி கோப்பைகளுக்காக. "அலமாரி இல்லாத நேரம் பாத்துக் கோப்பை வந்துருச்சுன்னா எங்கீங்க வெப்பீங்க?" என்று முன்யோசனையோடு கேட்டு, முதல் வருடமே அதைச் செய்து வைத்தவர் குழந்தைவேலுதான். அன்றிலிருந்து தினமும் கண்ணாடியைத் துடைக்கிறார். உள்ளே இருப்பது காற்றுதான் என்றாலும், அது தூசி படாத காற்று.

குழந்தைவேலுவுக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு. மன்றத்தில் மற்ற மூன்று பேருக்கும் விவரம் கொஞ்சம் பத்தாது. கொத்தனார் சென்னியப்பன், கல்யாண சமையல்காரர் நாச்சிமுத்து, மலையிலிருந்து கேரட் மூட்டை இறக்கும் லாரி டிரைவர் திருமூர்த்தி, மூவரும் நல்லவர்கள். ஆனால் ஒன்றைச் சொன்னால் இன்னொன்றைச் செய்பவர்கள். இதே வருத்தம் அந்த மூவருக்கும் தனித்தனியே இருந்தது. அதனாலேயே மன்றத்தில் சண்டை வந்ததில்லை. ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேரையும் பெரிய மனதோடு பொறுத்துப் போனார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளையம்மாள் ஸ்கூட்டரை மன்றத்து வாசலில் நிறுத்தினார்.

"ஏனுங் செயலாளரே, பால் சொசைட்டிக்காரங்க கேன் வெக்க எடமில்லீன்னு தெனமும் எங்கிட்ட வந்து நிக்கறாங்க. வெளையாடறவங்களுக்குன்னு கட்டுன கட்டடம் இது. நீங்க இதுவரைக்கும் என்ன ஜெயிச்சிருக்கீங்க?"

குழந்தைவேலு அலமாரியைப் பார்த்தார். வெள்ளையம்மாளும் பார்த்தார். கண்ணாடி பளபளவென்று இருந்தது.

"புரட்டாசி முடியறதுக்குள்ள ஒரு கோப்பை அதுக்குள்ள இருக்கோணும். இல்லீன்னா சாவி எங்கைக்கு வந்துரோணும். அவ்வளவுதானுங்."

ஸ்கூட்டர் போய்விட்டது. குழந்தைவேலுவின் கை தானாக இடுப்புக்குப் போனது. மன்றம் போய்விட்டால் சாயங்காலங்களில் அவர் எங்கே இருப்பது? வீட்டிலா? போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே இருந்து பார்த்தார். மனைவி பூங்கொடி அவரைச் சுற்றிச் சுற்றிக் கூட்டிவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஊட்ல உக்காந்திருந்தா ஒறம்பரை வந்த மாதிரியே இருக்குதுங். எப்பக் கெளம்புவீங்கன்னுதான் கேக்க முடியறதில்ல." உறவுக்காரர்களையே இரண்டு நாளுக்கு மேல் தாங்காத வீடு அது.

அன்றே அவசரக் கூட்டம். பக்கத்து ஊரான கருக்கம்பாளையத்தில் வட்டார இளையோர் விளையாட்டு விழா நடக்கப் போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. அதை மேசையில் விரித்தார்கள்.

"கபடி?" என்றார் குழந்தைவேலு.

"மூச்சு புடிக்கோணும். எனக்குப் புடிச்ச மூச்சு திரும்பி வர்றதில்ல," என்றார் திருமூர்த்தி.

"வாலிபால்?"

"குதிக்கோணும்."

"குதிச்சா?"

"எறங்கோணுமே. அங்கதான் சிக்கல்."

நோட்டீஸின் கடைசியில், பந்தல்காரர் பெயருக்குச் சற்று மேலே, கம்ப்யூட்டர் போர் விளையாட்டு என்று போட்டிருந்தது. நாலு பேர் கொண்ட அணி. வெற்றி பெறும் அணிக்கு ஒரு கோப்பை.

"உக்காந்துட்டு ஆடறதுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"உக்காந்துட்டுத்தான்."

"அப்ப அது நம்ம வெளையாட்டு."

குழந்தைவேலுவின் அக்கா மகள் தாரணி கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வேலை போக மீதி நேரமெல்லாம் இந்த மாதிரிப் போர்களில் அரசாள்பவள். மாமா கேட்டதும் ஒரு சிநேகிதியின் கடையிலிருந்து நான்கு கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, போனில் விளக்கினாள்.

"ரொம்ப சுலபம் மாமா. நாலு பேருக்கும் சேத்து ஒரே ராஜ்யம். ஒரு அரண்மனை, கொஞ்சம் ஆளு கொடுப்பாங்க. மரம் வெட்டோணும், கல்லு ஒடைக்கோணும், வயல் போடோணும். வயல்ல வர்ற சோத்த வெச்சுச் சிப்பாய்களை உருவாக்கோணும். ஆயிரக்கணக்குல உருவாக்கலாம். போய் எதிரியோட அரண்மனைய இடிச்சா ஜெயிச்சாச்சு. வாங்க, எங்கூட ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க."

ஆட்டம் தொடங்கியது. நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து போனில் தாரணி கேட்டாள், "மாமா, ஏன் ஒண்ணுமே செய்ய மாட்டேங்கறீங்க?"

"நீ ஆடி முடி கண்ணு. அப்பறம் நாங்க ஆடறோம்."

"இதுல அப்படி முறையெல்லாம் கெடையாது மாமா! ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஆடோணும். நேரம் ஓடிட்டே இருக்கும்!"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆடுபுலி ஆட்டத்தில் புலிகூடத் தன் முறை வரும்வரை காத்திருக்கும்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுனாப் பஞ்சாயத்து," என்றார் சென்னியப்பன் யோசனையாக. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆடுனா அதுக்கென்னுங்க பேரு?"

"சண்டை," என்றார் திருமூர்த்தி.

"சண்டைன்னா நோட்டீஸ்ல ஏன் வெளையாட்டுன்னு போட்டிருக்குது?"

"வெளையாட்டாச் சண்டை போடறாங்க போல."

"அப்பச் சண்டையா வெளையாடறதுன்னா?"

"அது கபடி."

நியாயமான பதிலாக இருந்ததால் அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர்களுடைய அரண்மனை எரிந்து முடிந்திருந்தது.

தாரணிக்குப் பொறுமை உண்டு. மறுநாள் சாயங்காலம் மறுபடி பாடம். "மொதல்ல ஒண்ண மனசுல வையுங்க மாமா. எப்பவும் உயரமான எடத்தப் புடிச்சுக்கோணும். மேல இருக்கறவங்களுக்குத்தான் பலம் ஜாஸ்தி."

இது ஒன்றும் கடினமாக இல்லை. ஊரிலேயே உயரமான இடம் தண்ணித் தொட்டி. அதன் ஏணிக்குப் பஞ்சாயத்தில் பூட்டுப் போட்டிருந்ததால், மன்றத்து மொட்டை மாடியோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. நான்கு கம்ப்யூட்டர்களையும் நான்கு பேர் முக்கி முனகி மேலே ஏற்றினார்கள். ஏற்றி முடித்த பிறகு ஒயர் எட்டவில்லை. ஒயர் வாங்கி வந்தபோது மலையிலிருந்து சாரல் இறங்கியது. குடை பிடித்தபடி குழந்தைவேலு போன் செய்தார்.

"கண்ணு, உயரத்தப் புடிச்சாச்சு. இப்ப என்ன செய்யோணும்?"

லைன் கட் ஆகிவிட்டதோ என்று குழந்தைவேலு இரண்டு முறை அலோ சொன்னார்.

கம்ப்யூட்டர்களைக் கீழே இறக்கியபின் தாரணி சுவர் பற்றிச் சொன்னாள். அரண்மனையைச் சுற்றிச் சுவர் கட்ட வேண்டும். வாசலை எதிரி இருக்கும் பக்கம் வைத்தால் படை சீக்கிரம் போய்ச் சேரும். அதுவரை கடைசி நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்த சென்னியப்பன், சுவர் என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து முன்னால் வந்தார்.

"எதிரி எந்தப் பக்கமுங் அம்மணி?"

"தெக்க, மாமா."

"தெக்க பாத்துத் தலைவாசல் வெச்சா அந்த ஊடு வெளங்குமா? எமன் தெசை. நான் வடக்க வெக்கறேன்."

"அது ஊடு இல்ல மாமா, கோட்டை! வடக்க வெச்சாப் படை ஊரையே சுத்திட்டுப் போகோணும்!"

"சுத்திப் போனாலும் நல்லபடியாப் போகோணுமில்ல?" என்றார் சென்னியப்பன். ஈசானிய மூலையில் கிணறு, அக்கினி மூலையில் கொல்லுப்பட்டறை என்று அவர் கட்டிய கோட்டையை, குடிபோகும் எண்ணமிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

சோற்று விஷயம் நாச்சிமுத்துவிடம் வந்தது. படைக்குச் சோறு குறையவே கூடாது என்று தாரணி சொன்னதை அவர் ஒருவர்தான் உடனே புரிந்துகொண்டார். கோட்டைக்குள் காலியாக இருந்த இடமெல்லாம் வயல் போட்டார். அரண்மனை முன்னால் வயல், பின்னால் வயல். சோற்றுக் கணக்கு திரையின் மூலையில் ஏறிக்கொண்டே போனது.

"மாமா, வயல் போதும். சிப்பாய்களை உருவாக்குங்க!"

"மொத்தம் எத்தன பேரு வருவாங்க அம்மணி?"

"நீங்க உருவாக்கற அளவுக்கு வருவாங்க."

"எத்தன பேருன்னு தெரியாம எலை போடச் சொல்றியே. சோறு மிஞ்சலாம். பத்தாமப் போகக் கூடாது. ஒரு கல்யாணத்துல பத்தாமப் போனா ஒம்போது கல்யாணத்துக்குக் கூப்புட மாட்டாங்க."

இன்னும் சில வயல்கள் போட்டார்.

குதிரைப் படை திருமூர்த்தியின் பொறுப்பு. டிரைவர் என்பதால் கொடுத்தது. குதிரைகளை வடக்கு வாசலுக்கு வெளியே கொண்டுபோய் இடது ஓரமாக வரிசையாக நிறுத்திவிட்டு அவர் கையை எடுத்துவிட்டார். அதற்கு அப்பால் திரையெல்லாம் சாம்பல் நிறத்தில் மூடியிருந்தது.

"அது மூடுபனி மாமா. நாம போகாத எடமெல்லாம் அப்படித்தான் தெரியும். உள்ள போனா வெலகிரும்," என்றாள் தாரணி.

"அம்மணி, மலை ரோட்ல வண்டி ஓட்டறவங்கிட்டச் சொல்றியே இத. பனிக்குள்ள போனாப் பனி வெலகாது. நாமதான் ரோட்ட உட்டு வெலகுவோம். அது வெலகட்டும். அப்பறம் எடுக்கறேன்."

"அது வெலகவே வெலகாது மாமா!"

"எல்லாப் பனியும் பத்து மணிக்கு வெலகும்," என்றார் திருமூர்த்தி.

தாரணி பெருமூச்சு விட்டது போனில் காற்றடித்த மாதிரிக் கேட்டது. "சரி. படைய அனுப்ப வேண்டாம். ஒரே ஒரு ஆளையாவது அனுப்பி, எதிரி என்ன பண்றான்னு வேவு பாத்துட்டு வரச் சொல்லுங்க. அதாவது செய்வீங்களா?"

"அதுக்கென்ன, செஞ்சரலாம்," என்று திருமூர்த்தி எழுந்து, மொபெட்டை எடுத்துக்கொண்டு கருக்கம்பாளையம் போய்விட்டார்.

கருக்கம்பாளையம் அணியில் நான்கு பையன்கள். காலேஜ் முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. அணித்தலைவன் பிரணவ். கம்ப்யூட்டர் போட்டியில் பெயர் கொடுத்திருந்தது இந்த இரண்டு ஊர்கள் மட்டும்தான் என்பதால், எதிராளியைப் பற்றி அவர்களுக்கும் கொஞ்சம் ஆவல் இருந்தது. அவர்கள் ஆடிக்கொண்டிருந்த அறை வாசலில் வேட்டியை இறக்கிவிட்டபடி ஒருவர் வந்து நின்றார்.

"வாங்கண்ணா. யாரப் பாக்கோணும்?"

"உங்களத்தானுங் தம்பி. ஊசிமலைப்புதூர்ல இருந்து வாறேன். வேவு பாக்கச் சொல்லி அனுப்புனாங்க."

பையன்கள் சிரித்தார்கள். நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. சிரிப்பு அடங்கியதும் பிரணவ் மெல்லக் கேட்டான், "உங்க திட்டம் என்னண்ணா?"

டீ குடித்துவிட்டு மறைப்பது அழகில்லை. "கொத்தனாரு வடக்க வாசல் வெச்சுச் சுவரு கட்றாரு. சமையல்காரரு சோறு பண்றாரு. நான் பனி வெலகட்டும்னு காத்திருக்கேன்," என்றார் திருமூர்த்தி.

அவர் போன பிறகு பையன்கள் சிரிக்கவில்லை. இவ்வளவு வெளிப்படையாக யாராவது சொல்வார்களா? கொத்தனார், சமையல்காரர், பனி எல்லாம் ரகசியப் பெயர்கள். இதில் ஏதோ பெரிய தந்திரம் இருக்கிறது. ராத்திரி அந்த ஊரில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

திருமூர்த்தி மன்றத்துக்கு வந்து அறிக்கை கொடுத்தார். "தங்கமான பசங்க. பிரணவோட அம்மாவுக்கு முட்டி வலியாம், எண்ணெ சொல்லிட்டு வந்தேன். சோறு வரவரச் சிப்பாய் தானா வர்ற மாதிரி ஒரு வழி பண்ணி வெச்சிருக்காங்க, கையே வெக்க வேண்டாம். ஆளு ரொம்பச் சேந்துட்டாத்தான் கம்ப்யூட்டரு மூச்சு வாங்குதாம், பாவம். பசங்க சாப்படறதேயில்ல. பிஸ்கோத்துத்தான்."

"பிஸ்கோத்தா?" என்றார் நாச்சிமுத்து. அவர் முகம் வாடிவிட்டது.

போட்டிக்கு முதல் நாள் தாரணி கடைசியாகப் பேசினாள். "மாமா, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்காதீங்க. பேசாமக் கடையில ஒரு கோப்பை வாங்கி அலமாரியில வெச்சுருங்களேன். தலைவரம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

குழந்தைவேலு அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தைப் பார்த்தார். "தெனமும் தொடைக்கறவன் நானாச்சே கண்ணு. வாங்குன கோப்பைன்னா எனக்குக் கை கூசும்."

அதைக் கேட்டுத் தாரணி குரல் மாறிச் சொன்னாள், "சரி மாமா. நான் சொன்னதையெல்லாம் மறந்துருங்க. பயப்படாமப் போங்க. அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச வேலைய மட்டும் ஒழுங்காச் செய்யுங்க. போதும்."

மறந்துவிடச் சொன்னதால் அவள் சொன்ன எல்லாவற்றையும் அவர்கள் மறந்தார்கள். மேலே இருக்க வேண்டும் என்பது மட்டும் எப்படியோ மனதில் ஒட்டிக்கொண்டது.

போட்டி கருக்கம்பாளையம் கல்யாண மண்டபத்தில். உள்ளே நுழைந்ததும் நால்வரும் நேராக மணமேடைக்குப் போய் இடம் பிடித்தார்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் போடுகிற சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் குழந்தைவேலுவும் நாச்சிமுத்துவும் உட்கார்ந்தார்கள். மற்ற இருவருக்கும் தோழர்கள் மாதிரிப் பக்கத்தில் இடம். பையன்கள் கீழே, பந்திப் பக்கமாக, தங்கள் கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டார்கள்.

நடுவர் ஒரு பி.டி. வாத்தியார். கழுத்தில் கபடிக்கு ஊதுகிற விசில். முதலில் வயதைப் பற்றி ஆட்சேபித்தார். குழந்தைவேலு மன்றத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டினார். இளைஞர் என்று அரசாங்க முத்திரையோடு இருந்தது. வாத்தியார் பெயர்களை எழுதிக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றார் அவர். "எந்த அணியோட சிப்பாயோ, அந்த அணியோட கம்ப்யூட்டர்தான் அவங்களைச் சுமக்கோணும். யாரோட கம்ப்யூட்டராவது நின்னுபோய்க் கால் மணி நேரத்துல எந்திரிக்கலீன்னா, அந்த அணி தோத்ததா அர்த்தம். அப்பறம் அழக் கூடாது." சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

அவரவர்க்குத் தெரிந்த வேலை ஆரம்பமாயிற்று. சென்னியப்பன் சுவர் கட்டினார். வடக்கே வாசல் வைத்தார். திருமூர்த்தி குதிரைகளை வாசலுக்கு வெளியே இடது ஓரமாக நிறுத்தி, பனி விலகக் காத்திருந்தார். நாச்சிமுத்து வயல் போட்டார். வயலுக்குப் பக்கத்தில் வயல். குழந்தைவேலு செயலாளர் என்பதால் மூன்று திரைகளையும் மாறி மாறிப் பார்த்துத் தலையசைத்தார். அவருடைய கை மட்டும் இடுப்பில், சாவி மேல் இருந்தது.

கீழே பையன்களின் படை பெருகிக்கொண்டிருந்தது. மண்டபச் சுவரில் இருந்த பெரிய திரையில் கூட்டம் அதைப் பார்த்து ஆர்ப்பரித்தது. எறும்புப் புற்றை உடைத்துவிட்ட மாதிரிச் சிப்பாய்கள் கிளம்பினார்கள். தெற்குப் பக்கமாக வந்து கோட்டைச் சுவரில் முட்டினார்கள். வாசல் இல்லை. மேற்கே போனார்கள். அங்கேயும் இல்லை.

"கொத்தனாருங்கறது இதுதான்டா," என்று பிரணவ் பல்லைக் கடித்தான். "நம்மளச் சுத்த உடறாங்க. இன்னும் ஆளு வேணும்."

ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் சுற்றுகிற படைக்கும் பசிக்குமே. பெரிய திரையில் இரண்டு அணிகளின் சோற்றுக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தது. ஒன்று இறங்கி இறங்கி, சிவப்பாகி, நின்றது.

நாச்சிமுத்து அதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங் செயலாளரே, அந்தச் செவப்பு நெம்பரு என்னுங்க?"

"அவங்களோட சோறுங்க."

"சைபர்னு இருக்குது?"

"தீந்து போச்சுங்க."

நாச்சிமுத்து தம் திரையைப் பார்த்தார். அத்தனை பெரிய படை, வடக்கு வாசலுக்கு வந்து சேர்ந்து, திறந்த கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. திருமூர்த்தி சொன்ன பனி என்றால் என்ன என்று தெரியாததால் பையன்கள் உள்ளே நுழையப் பயந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். நாச்சிமுத்துவுக்குத் தெரிந்ததெல்லாம், வாசலில் இத்தனை பேர் பசியோடு நிற்கிறார்கள் என்பதுதான்.

"இங்க அடுத்த பக்கத்துக்குச் சோறு அனுப்பறதுக்கு ஒரு பட்டன் இருக்குதுங்க. நான் அனுப்பப் போறேன்."

"எதிரிக்கா?" என்றார் சென்னியப்பன்.

"எதிரின்னா வவுறு இல்லீங்களா?"

"சாப்புட்டுட்டு நம்மளத்தான அடிப்பாங்க?"

"சாப்புடாம அடிச்சா மட்டும் வலிக்காதா?"

மூவரும் செயலாளரைப் பார்த்தார்கள். குழந்தைவேலு சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். இதை அனுமதித்தால் அரண்மனை போகும். அரண்மனை போனால் மன்றம் போகும். மன்றம் போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கொடி அவரைச் சுற்றிக் கூட்டுவாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் வாசலில் வந்து நிற்பவர்களிடம் சோறு இல்லை என்று சொல்லி அந்த வாய்க்குப் பழக்கமில்லை.

"போடுங்க," என்றார் மெதுவாக. "ஆனாக் கொஞ்சமாப் போடுங்க."

"கொஞ்சமாப் போடறதுக்கு டீக்கடைக்காரரக் கூட்டிட்டு வந்திருக்கோணும்," என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பட்டனை ஒரு தடவை அமுக்கினால் ஆயிரம் பேர் சோறு. அவர் பந்தி பரிமாறுகிற வேகத்தில் அமுக்க ஆரம்பித்தார்.

கீழே ஒரே கைதட்டல். சைபராக இருந்தது மளமளவென்று ஏறியது. சோறு வரவரச் சிப்பாய்கள் தானாகப் பிறந்தார்கள். பையன்கள் முதலில் குதித்தார்கள். பிறகு பிரணவ் திரையை உற்றுப் பார்த்தான். அவனுடைய சிப்பாய்கள் தண்ணீருக்குள் நடப்பவர்கள் மாதிரி நடந்தார்கள். கம்ப்யூட்டர் உள்ளே ஏதோ இரைந்தது. தானாகப் பிறப்பதை நிறுத்தப் பார்த்தான். எதை அமுக்கினாலும் நகரவில்லை.

"அண்ணா! போதும்!" என்று மேடையைப் பார்த்துக் கத்தினான்.

எத்தனையோ வருடமாகப் பந்தி பார்க்கிறவர் நாச்சிமுத்து. போதும் என்று சொல்லி இலைக்குக் குறுக்கே கையை நீட்டுபவருக்கு, விரலிடுக்கு வழியாக இன்னொரு கரண்டி போட வேண்டும் என்பது தொழிலின் அரிச்சுவடி.

"வெக்கப்படறாங்க," என்று சொல்லி இன்னும் பத்துத் தடவை அமுக்கினார்.

"அய்யோ அண்ணா, போதும்ணா! கும்பிடறேன்!"

"கும்பிடறாங்க பாருங்க. எத்தன நாளுப் பசியோ," என்று கண் கலங்கி, இரண்டு கையாலும் அமுக்கினார்.

பெரிய திரையில் ஒரு சிப்பாய் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். பையன்களின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"உண்ட மயக்கம்," என்றார் நாச்சிமுத்து திருப்தியாக. "சத்தம் போடாதீங்க. சித்தெ நேரம் படுக்கட்டும்."

கால் மணி நேரம் போயிற்று. வாத்தியார் விசிலை ஊதி, மேடைப் பக்கம் கையைத் தூக்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

"என்னுங்க, யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"சத்தம் வெச்சுப் பாத்தா நாமதான் போலிருக்குது," என்றார் திருமூர்த்தி. "பனி இன்னும் வெலகலையே. அதுக்குள்ள எப்படி?"

கோப்பையை வாங்கியதும் குழந்தைவேலு வேட்டி நுனியால் அதை ஒருமுறை துடைத்தார். பிரணவ் மேடையேறி வந்து அவர் காதோரம் கேட்டான், "அண்ணா, இந்தத் தந்திரத்துக்கு என்ன பேரு?"

குழந்தைவேலு யோசித்தார். "மறுசோறுங் தம்பி," என்றார். அவன் அதை மரியாதையோடு மனதில் பதித்துக்கொண்டு போனான்.

கோப்பை அலமாரிக்குள் ஏறியது. வெள்ளையம்மாள் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணாடியைத் திறந்து தொட்டும் பார்த்தார்.

"சரி. சொன்ன சொல்லு சொல்லுதான். மன்றம் உங்குளுதே. ஆனாச் சொசைட்டிக்காரங்க லேசுல உட மாட்டாங்க. யாரும் உள்ள வராமக் கெட்டியாப் பாத்துக்குங்க."

யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று அவர்களுக்கு இப்போது தெரியும். மன்றத்தைச் சுற்றிச் சுவர் கட்டுவதென்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. செங்கல்லும் மணலும் சிமெண்டும் வந்தன. கலவை உள்ளே இருந்ததால் சென்னியப்பனும் உள்ளே நின்றபடியே கட்டினார். குழந்தைவேலு கல் எடுத்துக் கொடுத்தார். திருமூர்த்தி மட்டம் பிடித்தார். நாச்சிமுத்து மூலையில் அடுப்பு மூட்டினார்.

வாசல் எந்தப் பக்கம் என்பதில்தான் விவாதம் வந்தது. தெற்கு எமன் திசை. மேற்கே சாக்கடை. கிழக்கே அடுத்த வீட்டு மாட்டுக் கொட்டகை. வடக்கு நல்ல திசைதான், ஆனால் அங்கேதான் பால் சொசைட்டி இருக்கிறது. எதிரி பக்கம் வாசல் வைப்பதா? எல்லாத் திசையையும் அலசிப் பார்த்து, எந்தக் குற்றமும் இல்லாத ஒரு வழியைச் சென்னியப்பன் கண்டுபிடித்தார். வாசலே வைக்கவில்லை.

சுவர் ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது. பூச்சு வேலையும் முடிந்தது. நால்வரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கை கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே ஸ்கூட்டர் நிற்கிற சத்தம்.

"உள்ள யாரு?" என்றது வெள்ளையம்மாளின் குரல்.

"நாங்கதானுங்."

"இதென்னுங்க, சுத்தியும் சுவரா இருக்குது? எப்படி வெளிய வருவீங்க?"

உள்ளே நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சென்னியப்பன் சுவரைத் தட்டிப் பார்த்தார். நல்ல கலவை. திருமூர்த்தி வானத்தைப் பார்த்தார். நாச்சிமுத்து மிச்சச் சோற்றை அளந்தார். மூவர் முகத்திலும் கலக்கம்.

குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விவரம் பத்தாத மூன்று பேரோடு இத்தனை காலம் குப்பை கொட்டியாயிற்று; விவரமுள்ளவன் ஒருவனாவது இருந்தால்தானே மன்றம் நடக்கும்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு," என்று இடுப்பில் கை விட்டு, அரைஞாண் கயிற்றிலிருந்து, குளிக்கும்போதும் கழற்றாத அந்தச் சாவியைக் கழற்றினார். "சாவி எங்கிட்டத்தான இருக்குது!"

மற்ற மூவரும் வாய் பிளந்தார்கள். குழந்தைவேலு சாவியை நீட்டியபடி சுவரோரமாகவே ஒரு சுற்று வந்தார். பூட்டைக் காணவில்லை. ஒரு நிமிஷம் நின்றார். அதுவும் அவருக்கு விளங்கிவிட்டது.

"பூட்டு வெளிப்பக்கத்துல இருக்குதுங்க," என்றார். பிறகு குரலை உயர்த்தி, "தலைவரம்மா! சாவியத் தூக்கிப் போடறேன், புடிங்க. அக்கட்டால இருந்து சித்தெத் தெறந்து உடுங்க!" என்று வீசினார்.

சாவி சுவரைத் தாண்டி, வெயிலில் ஒரு மின்னு மின்னி, நேராக வெள்ளையம்மாளின் கையில் போய் விழுந்தது.

அவர் கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

உள்ளே நால்வரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். திறந்ததும் முதலில் யார் வெளியே போவது என்பதில்தான் கொஞ்சம் கருத்து வேறுபாடு இருந்தது.